மலைநாட்டு டாக்டரின் பதில்கள்

எனக்குச் செடிகொடிகளில் ஆர்வம் கிடையாது. கொத்தமல்லியையும் புதினாவையும் அடுத்தடுத்து வைத்தால் முகர்ந்து பார்த்துத்தான் சொல்வேன். புகாரில் என்னை ‘மூலிகை மோசடிக்காரன்’ என்று எழுதியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலிகை என்ற பாதி எனக்குப் பொருந்தாது.

நேற்று வாய்மொழியாகச் சொல்லச் சொன்னீர்கள், அரசு வக்கீலம்மா. உங்கள் தட்டச்சர் நான் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தன் நடையில் அடித்துக்கொண்டிருந்தார். பல லட்சம் பேர் படித்த எழுத்து இது. அவரிடம் கொடுத்துச் சீரழிக்க எனக்கு மனமில்லை. அதனால் நானே எழுதித் தருகிறேன்.

பெயர் வில்மர் செடெனியோ. வயது முப்பத்தாறு. கடற்கரைப் பக்கத்துக் குயாகீல் நகரத்தின் தெற்கே, உப்பங்கழியை ஒட்டிய தெருவில், ஹசிந்தா அம்மாளின் வீட்டு மாடியில் நான்கு வருடம் குடியிருந்தேன். இறந்துபோனது அவர்தான்.

என் தொழில் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவது. ‘நல்ல நாள்’ என்று தளத்துக்குப் பெயர். நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை, ஆறு பேர், சுவரில் ஒரு பெரிய திரை. இந்த நிமிடம் எந்தக் கட்டுரையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆசிரியர் பைரன் அந்தத் திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவார், திட்டுவார், பாராட்டுவார். ஒரு கட்டுரையையாவது அவர் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை.

சேர்ந்த புதிதில் எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது. சர்க்கரை நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சத்துணவு நிபுணர் ஒருவரிடம் இரண்டு தடவை போய், சந்தேகம் கேட்டு, வரி வரியாகச் சரிபார்த்து எழுதியது. ‘உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்’ என்று தலைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். அதில் ஆறு பேர் நாங்களே.

பைரன் என் மேசைக்கு வந்து நின்றார்.

“யாருக்குப்பா எழுதின இதை? பரீட்சைக்கா?”

“உண்மையைத்தானே எழுதியிருக்கேன்.”

“உண்மை ஆஸ்பத்திரி வாசல்லயே ஓசியில கெடைக்குது. நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கிறாங்க. வாங்கி வாயைத் தொடச்சுப் போட்டுட்டுப் போறான். எவனோ எதையோ உங்கிட்டருந்து மறைச்சுட்டான்னு சொல்லிப் பாரு. வேலைக்குப் போறவன் கூட பஸ்ஸை விட்டுட்டு நின்னு படிப்பான்.”

பைரன் ஒரு மூடர்தான். ஆனால் மூடர்களைப் பற்றி மூடருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

எங்கள் வேலைமுறையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு தலைப்பு எழுதுவோம். முதல் இருபது நிமிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. எதை அதிகம் பேர் தொடுகிறார்களோ அது நிற்கும், மற்றது குப்பைக்குப் போகும். ‘முள்சீத்தா இலை சர்க்கரையைக் குறைக்குமா?’ என்று ஒன்று எழுதினேன். ‘ஊசியைத் தூக்கி எறியுங்கள்: நாற்பது வருடம் மறைக்கப்பட்ட இலையைச் சொல்லும் டாக்டர்’ என்று இன்னொன்று எழுதினேன். முதலாவதை நாற்பது பேர் தொட்டார்கள். இரண்டாவதை ஒன்பதாயிரம் பேர். ஊசியைத் தூக்கி எறியும் முடிவு வாசகர்களுடையது. நான் இரண்டையும் தட்டில் வைத்தேன், அவ்வளவுதான்.

முள்சீத்தா இலை எதற்கு என்று கேட்டீர்கள். தலைப்புக்கு ஒரு இலை வேண்டியிருந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹசிந்தா அம்மாளின் கொல்லையில் அந்த மரம் நின்றது. வேறு மரம் நின்றிருந்தால் வேறு இலை.

டாக்டரை மலைநாட்டுக்காரராக வைத்ததற்குக் காரணம் உண்டு. கடற்கரைக்காரன் சொன்னால் கடற்கரைக்காரனே நம்ப மாட்டான். நமக்கு மலைநாட்டுக்காரர் என்றால் அடக்கமாகப் பேசுகிறவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். நேரில் கண்டால் அவர் பேச்சைக் கிண்டல் செய்வோம், மருந்து சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்போம். அதனால் மலைமேல் இருக்கும் குவென்கா நகரத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்செசியோ வின்டிமில்யா என்று பெயர் வைத்தேன். முகத்தைக் கணினியே வரைந்து கொடுத்தது. ஒரு காது மற்றதைவிடச் சற்று மேலே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. எதில் டாக்டர் என்று நான் எங்கும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இந்த நாட்டில் கழுத்துப்பட்டை கட்டியவர் எல்லாரும் டாக்டர்தானே. உங்களைக்கூட வாசலில் நிற்கிற காவலர் அப்படித்தான் கூப்பிட்டார்.

பத்தொன்பது லட்சம் பேர் படித்தார்கள். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். நான் நெய் ஊற்றவில்லை. வடிகிறது என்று எழுதினேன். கையேந்திக்கொண்டு வந்தது அவர்கள்.

ஹசிந்தா அம்மாளுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. கணவர் இல்லை. ஒரே மகள் நார்சிசா, ஸ்பெயினில் யாரோ ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அம்மாள் பதினோரு வருடமாகக் காலையும் மாலையும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர். கட்டுரை வந்த மறுநாள் காலை நான் இறங்கி வரும்போது, கொல்லையில் கிளையை வளைத்துப் பிடித்து இலை பறித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதைப் பாத்தியா? எதிர்வீட்டு பெட்டிட்டா போன்ல அனுப்பினா. நம்ம மரத்து இலையைத்தான் சொல்லியிருக்கார். பதினோரு வருசமா வயித்தைக் குத்திக் குத்திச் சல்லடையாக்கிட்டேன், மருந்து எங் கொல்லையில நின்னுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கு.”

“யாரு எழுதினது?”

“மலைநாட்டு டாக்டராம். மூஞ்சியைப் பாரு. பொய் சொல்ற மூஞ்சியா இது?”

பார்த்தேன். நல்ல முகம்தான் என்றேன். அவர் கேட்டது முகத்தைப் பற்றி.

முதல் மாதம் ஊசியும் போட்டுக்கொண்டார், இலை கொதித்த தண்ணீரும் குடித்தார். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கட்டுரை ஓடிவிட்டால் அதற்குத் தம்பி ஒன்று பிறந்தாக வேண்டும் என்பது பைரனின் சட்டம். இரண்டாவது கட்டுரையில் ‘இலையும் ஊசியும் ஒரே உடம்பில் இருந்தால் சண்டை போடும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்று டாக்டர் எச்சரித்தார். ஹசிந்தா அம்மாள் இலையைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பெட்டியிலிருந்த ஊசி மருந்தை எடுத்து அவர் குப்பையில் போட்டதை நான் பார்த்தேன். அந்த இடத்தில் சோடா பாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார், வைத்துக்கொண்டேன்.

பிறகு பைரன் ‘டாக்டரிடம் கேளுங்கள்’ என்று ஒரு பகுதி திறந்தார். கடிதங்கள் வந்து குவிந்தன. எழுத்துப்பிழையும் அழுகையுமாக, ஹோண்டுராஸிலிருந்து, பொலிவியாவிலிருந்து, கடல் தாண்டிப் போனவர்களிடமிருந்து. தன் உடம்பைப் பற்றி மூன்று வரி கோவையாக எழுதத் தெரியாதவர்கள், அந்த உடம்பை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்க மட்டும் தயாராக இருந்தார்கள். எல்லோருக்கும் நான்தான் பதில் எழுதினேன்.

ஹசிந்தா அம்மாளும் எழுத விரும்பினார். ஆனால் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை எனக்கு வெங்காயம் போட்ட மீன் சூப்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“கண்ணுல சாம்பலைத் தூவின மாதிரி இருக்கு, தம்பி. நான் சொல்லச் சொல்ல நீ எழுது. மரியாதைக்குரிய டாக்டர் ஐயான்னு ஆரம்பி.”

“சரி, சொல்லுங்க.”

“கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு. மூணு வாரமாச்சு, ஆற மாட்டேங்குது. ஆனா வலியே இல்லை. வலிக்காதது நல்லதா கெட்டதான்னு கேளு. எம்மக போன்ல கத்துறா, ஆஸ்பத்திரிக்குப் போன்னு. போகவா வேணாமான்னும் கேளு.”

சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை போனவர்கள் அப்படித்தான் வெறிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மேசையில் உட்கார்ந்து அவருடைய கடிதத்தை எனக்கே அனுப்பினேன். மாடிக்குப் போய்ப் பதில் எழுதினேன். மறுநாள் காலை இறங்கி வந்து வாசித்துக் காட்டினேன். ‘தாயே, புண் என்பது ஒரு கதவு. பதினோரு வருட ஊசியின் விஷம் அந்தக் கதவு வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. போகிற விருந்தாளியைக் கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.’

“எவ்வளவு அழகா எழுதுறார்” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. பத்து வருடமாக எழுதுகிறேன், என் எதிரே உட்கார்ந்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நெசந்தானே, தம்பி?” என்று கேட்டார்.

“டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

அந்தக் கடிதத்தையும் பதிலையும் ‘குயாகீல் தாயின் புண்’ என்ற பெயரில் வெளியிட்டோம். அவருக்குத் தொடர்ந்து வாசகர்கள் சேர்ந்தார்கள். இன்று புண் எப்படி இருக்கிறது என்று அர்ஜென்டினாவிலிருந்தெல்லாம் கேட்டார்கள். வாரம் ஒரு கடிதம் எழுதினார், வாரம் ஒரு பதில் வாசித்தேன். இரண்டு விரலாயிற்று, பிறகு பாதமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நார்சிசா என்னையே போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, அம்மா நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க படிச்சவங்க, எழுதுறவங்க. அந்த டாக்டர் ஒரு புளுகன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்கு அது கட்டுப்படும்.”

“நான் பேசிப் பாக்கறேன்மா.”

“பாக்கறேன்னு சொல்லாதீங்கண்ணே. இன்னைக்கே சொல்லுங்க. எனக்கு இங்கருந்து கை எட்டல.”

சத்தியமாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் போனை வைத்ததும் எனக்குத் தோன்றியது கட்டுரைதான். இந்த நாட்டில் எந்தத் தெருவில் கல்லை எறிந்தாலும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு தாயின் மேல் விழும். ‘தூரத்திலிருந்து கொல்லும் பாசம்: அம்மாவின் உடம்பைப் பற்றி வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்று எழுதினேன். புதன்கிழமை காலை ஹசிந்தா அம்மாளுக்கு அதை வாசித்தேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் மகளின் அழைப்பை எடுக்கவில்லை. போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் கல்நெஞ்சன் என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். அப்படியில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பாதம் கறுத்து வாடை வரத் தொடங்கிய வாரம், டாக்டரின் பெயரில் இப்படி எழுதினேன்: ‘இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் சொன்னதெல்லாம் தப்பு.’ இரண்டே வரி. எழுதிவிட்டு நான்கைந்து தடவை வாசித்துப் பார்த்தேன். அது டாக்டர் வின்டிமில்யாவின் குரலே இல்லை. அவர் அப்படி வெடுக்கென்று பேசுகிறவர் அல்ல. எழுதத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: ஒரு பாத்திரத்துக்கு ஒரு குரலைக் கொடுத்துவிட்டால் நம் வசதிக்கு அதை மாற்ற முடியாது. அழித்துவிட்டேன். இலையை அரைத்துப் பற்றுப்போடும் ஒன்பது நாள் சிகிச்சை ஒன்றை எழுதி அனுப்பினேன். ஒன்பது ஏனென்றால், ஒற்றைப்படை எண்கள்தான் நன்றாக ஓடும்.

எட்டாவது நாள் காலை கொல்லையில் விழுந்துவிட்டார். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான், புகாரில் இதைக் காணோம். அங்கே ஒரு இளம் டாக்டர், தூங்கி மூன்று நாளானவர் போலிருந்தார், துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஊசியை நிறுத்தச் சொன்னது யாருங்க?”

“இணையத்துல யாரோ ஒருத்தர்.”

“அந்த யாரோ எங்கையில கெடைச்சா...”

அதற்குள் வேறு யாரோ கூப்பிட, ஓடிவிட்டார். வாக்கியத்தை முடிக்கவில்லை. இவர்கள் ஒரு வாக்கியத்தையும் முடிப்பதில்லை, அதனால்தான் இவர்களை யாரும் படிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் காலை வெட்டி எடுத்தார்கள். வியாழக்கிழமை அவர் போய்விட்டார். அடக்கத்தன்று சவப்பெட்டியை இடதுபக்கம் முன்னால் பிடித்தவன் நான். தெருவே வந்திருந்தது. பெட்டிட்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நார்சிசாவுக்கு விமானம் கிடைக்கவில்லை, பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரை வெளியாயிற்று: ‘ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், நான்கே நாளில் போனார்: குயாகீல் தாயின் முடிவு.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஊசி போட்டார்கள். நான்கு நாளில் போனார். முப்பத்தொன்பது லட்சம் பேர் படித்தார்கள், பைரன் கேக் வாங்கி வந்தார். அந்த வாரக் கடைசியில் மூன்று பெண்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தங்கள் வீட்டு ஆட்களைக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாக டாக்டருக்கு நன்றி எழுதினார்கள். அவர்களில் எஸ்மெரால்டாஸ் ஊரிலிருந்து எழுதியவள் திங்கட்கிழமை மறுபடி எழுதினாள்: அப்பாவை எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, என்ன செய்யட்டும் என்று. ‘அவர் நன்றாக உறங்கட்டும் மகளே’ என்று டாக்டர் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சொல்வார்கள். நான் எதுவரை வந்திருக்கிறேன் என்று உங்கள் அலுவலகம்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். எனக்குப் படித்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

நேற்று கடைசியாக ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு ஹசிந்தா அம்மாள் பெட்டிட்டாவுக்கு அனுப்பியது, நார்சிசா தேடி எடுத்தது. உங்கள் தட்டச்சர் அதையும் கெடுத்திருப்பார் என்பதால், எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

“பெட்டிட்டா, யார்கிட்டயும் மூச்சு விடாதடி. அந்த டாக்டர் வேற யாருமில்ல, நம்ம மாடி வில்மர்தான். ரெண்டாவது தடவ எழுதினப்பவே பிடிச்சுட்டேன். மலைநாட்டு டாக்டராம், காலையில பச்ச வாழைக்காய் உருண்டையத் தின்னுட்டு இலைத்தண்ணி குடிக்கச் சொல்றாராம். எந்த மலைநாட்டுக்காரி காலங்காத்தால வாழைக்காய் உருண்டை பிடிக்கிறா? அவுங்க வீட்டுல பன்னெண்டு வருசம் சமைச்சவ நானு. அவிச்ச சோளத்த விட்டா அவுங்களுக்கு விடியாது. உருண்டைக்கு நடுவுல சீஸ் வச்சு நெய்யில பெரட்டணும்னு வேற எழுதியிருக்கான். அது எங் கைப்பக்குவம்டி. எம் மேசையில உக்காந்து தின்னவன்தான் எழுதியிருக்கான். பாவம், கூச்ச சுபாவம், பேரு போட்டுக்க வெக்கப்பட்டுக்கிட்டு யாரோ ஒரு கெழவன் படத்த ஒட்டி வச்சிருக்கு. எவனோ டாக்டர்னு நெனச்சவரைக்கும் ஊசிய நிறுத்த எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அவன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் தூக்கிப் போட்டேன். எங்கையால சோறு தின்ன புள்ள எனக்குக் கெடுதலா எழுதும்?”

பதிவு முடிந்ததும் நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல. நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இத்தனை லட்சம் பேரில் ஒருவரும் அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவில்லை, மலைநாட்டுக்காரர்கள்கூட. வாசகர் என்று சொல்லத் தகுந்த ஒரே ஒருவர் எனக்கு இருந்திருக்கிறார், கீழ்வீட்டிலேயே.

எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. ஊசியை நிறுத்தச் சொன்ன எழுத்து என்னுடையது. புண்ணைக் கதவு என்ற எழுத்து என்னுடையது. மகளின் குரலை அவர் காதிலிருந்து அடைத்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன இரண்டு வரியை அழித்ததும் நான்தான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ‘ஏமாற்றினான்’ என்ற சொல்லை மட்டும் புகாரிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டாக்டரை அவர் நம்பவே இல்லை, என்னைத்தான் நம்பினார். நானோ என் பெயரில் அவருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.